மிச்சிகன் க்ரௌஸ் வேட்டை லைசன்ஸ்: 11 டாலருக்கு நல்ல பெறுமானம், ஆனால் மார்ச் 31-ல் கவனம்

மிச்சிகன் இயற்கை வளத் துறை (டிஎன்ஆர்) விற்கும் ‘பேஸ் லைசன்ஸ்’ ஒன்று இருந்தால், காட்டுக்கோழி போன்ற ரஃப்ட் க்ரௌஸ் என்ற பறவையின் வேட்டைக்குப் போதும். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு 11 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 151. ஒரு வாரத்துக்கு மட்டும் வரும் வெளிமாநில நண்பர் 151 கட்ட வேண்டியதில்லை; ஏழு நாள் சிறுவிலங்கு லைசன்ஸ் 80 டாலருக்குக் கிடைக்கும். ரஃப்ட் க்ரௌஸுக்குத் தனி முத்திரையும் (லைசன்ஸோடு சேர்க்கும் கூடுதல் அனுமதி) இல்லை, குலுக்கலும் இல்லை. அதே லைசன்ஸில் முயலும் அணிலும் அடக்கம். ஒரு குடும்பம் பீட்சா சாப்பிடும் காசைவிடக் குறைவாக வேட்டைப் பருவம் முழுவதும் காட்டுக்குப் போய்வரலாம் என்பது உண்மையிலேயே பெரிய விஷயம்.

வாங்குவது எளிது. டிஎன்ஆரின் இணையதளத்தில் மிச்சிகன் ஓட்டுநர் உரிம எண்ணைக் கொடுத்தால் சில நிமிட வேலை. முதல் தடவை வாங்குபவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்: 1960 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழோ பழைய வேட்டை லைசன்ஸோ வைத்திருக்க வேண்டும். பயிற்சியின் பாடப் பகுதியை இணையத்தில் முடித்துவிட்டு, களப்பயிற்சி நாளுக்கு நேரில் போகலாம். செப்டம்பர் நெருங்கும்போது இடம் தேடினால் திண்டாட்டம்தான். மே, ஜூனிலேயே பதிந்துவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வரவில்லை என்றால் ‘அப்ரெண்டிஸ்’ லைசன்ஸ் இருக்கிறது. அதை இரண்டு லைசன்ஸ் ஆண்டுகள் வரைதான் வாங்க முடியும். வழக்கமான லைசன்ஸ் வைத்திருக்கும், 21 வயது நிரம்பிய ஒருவர் கூடவே வர வேண்டும்.

இனி எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. இத்தகைய விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதற்குள்ள விதிவிலக்குகளில் நமக்குக் கைகொடுப்பது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் இதைக் காட்டித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவுக்குள் நுழைந்ததைப் பதிவுசெய்யும் ஐ-94 எண்ணையும் கையோடு கொண்டு போங்கள். ஆக, இந்த 11 டாலர் சீட்டு பறவையைச் சுட மட்டுமல்ல, வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருக்கவும் அனுமதி. மிச்சிகன் லைசன்ஸ் ஆண்டு மார்ச் 1-ல் தொடங்கி மறு ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. வேட்டைதான் ஜனவரியோடு முடிந்துவிட்டதே என்று விட்டுவிட்டால், வேறு விதிவிலக்கு இல்லாத நிலையில், ஏப்ரல் 1 காலையில் கராஜில் கிடக்கும் ஒரு பெட்டித் தோட்டாவே கூட்டாட்சிக் குற்றம் ஆகிவிடும். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. குடியேற்ற வழக்கும் சேர்ந்துவரும். புது லைசன்ஸ் மார்ச் 1-லேயே விற்பனைக்கு வருவதால் முழுதாக ஒரு மாத அவகாசம் இருக்கிறது. அன்றே வாங்கிவிடுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

வேட்டைக் காலம் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 14 வரை, பிறகு டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை. இடைப்பட்ட பதினாறு நாள் துப்பாக்கி மான் வேட்டைக்கு ஒதுக்கியது. மேல் தீபகற்பத்திலும் கீழ்த் தீபகற்பத்தின் வடபாதியிலும் (மண்டலம் 1, 2) ஒரு நாளைக்கு 5 பறவை, கையிருப்பு (மொத்தமாக வைத்திருக்கக்கூடியது) 10. டெட்ராய்ட், நோவை, கேன்டன் எல்லாம் அடங்கும் தெற்கு மண்டலம் 3-ல் நாளுக்கு 3, கையிருப்பு 6. ஃப்ரீசரில் இருப்பதும் கையிருப்புக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

குழப்பம் வருவது உட்காக் என்ற பறவையால். க்ரௌஸ் இருக்கும் அதே ஆஸ்பென் மரப் புதரில் அதுவும் எழும். அதற்குத் தனி முத்திரை வேண்டும்; இலவசம்தான், ஆனால் லைசன்ஸ் வாங்கும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உட்காக் இடம்பெயரும் பறவை என்பதால் துப்பாக்கி மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்புக் கட்டை போட்டிருக்க வேண்டும். க்ரௌஸைச் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாம்; உட்காக் சூரியன் மறைந்ததோடு சரி. அந்தி வேளையில் புதரிலிருந்து எழுவது எது என்று தெரியவில்லை என்றால் துப்பாக்கி விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். ஷார்ப்-டெய்ல்ட் க்ரௌஸ் வேறு பறவை. அதற்கும் இலவச முத்திரை உண்டு, மேல் தீபகற்பத்தின் கிழக்கு ஓரத்தில் மட்டும்தான் அனுமதி.

வேட்டைக்காரர் ஆரஞ்சு உடை அணிய வேண்டும் என்ற விதியில் ‘எல்லாப் பக்கமிருந்தும் தெரிய வேண்டும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஆரஞ்சு வெஸ்ட் போட்டு, அதன்மேல் பச்சை முதுகுப்பையை மாட்டினால் பின்பக்கம் மறைந்துபோகும். ஆரஞ்சுத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. வண்டியில் போகும்போது துப்பாக்கி காலியாக, உறைக்குள்ளோ டிக்கியிலோ இருக்க வேண்டும்; காட்டுப் பாதையில் மெதுவாக ஓட்டிப்போனாலும் இதே விதிதான். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 450 அடிக்குள் அனுமதியில்லாமல் வேட்டையாடக் கூடாது.

நிலத்துக்குப் பஞ்சமில்லை. மாநிலக் காடு, தேசியக் காடு தவிர, ‘கமர்ஷியல் ஃபாரஸ்ட்’ திட்டத்தில் உள்ள 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட தனியார் காட்டிலும் நடந்துபோய் வேட்டையாட உரிமை உண்டு. டிஎன்ஆரே க்ரௌஸுக்காகப் பராமரிக்கும் ‘ஜெம்ஸ்’ தளங்களில் நடைபாதை வெட்டி, இளம் ஆஸ்பென் வளரவிட்டிருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் அங்கே தொடங்குவது நல்லது. மேல் தீபகற்பத்தில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, குளிரில் போன் சார்ஜும் நிற்காது. லைசன்ஸை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெஸ்ட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.