முன் அனுமதியா, வாக்கா, பின் நீக்கமா?

இணைய விவாதக் களங்களில் பதிவுகளை ஒழுங்குபடுத்த இந்த மூன்று வழிகள் உண்டு. முன் அனுமதி முறையில் மட்டுறுத்துநர், அதாவது பதிவுகளைக் கண்காணிப்பவர், பார்த்த பிறகுதான் பதிவு வெளியாகும். ஸ்பாம் என்னும் குப்பைப் பதிவுகளும் அவதூறும் உள்ளே வராது. ஆனால் மறுமொழி ஐந்தாறு மணி நேரம் கழித்து வெளியானால் விவாதம் ஆறிப்போகும். அதைவிடப் பெரிய கேடு, தடுக்கப்பட்டது என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியாததால் பாரபட்சத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புதியவர்களின் முதல் இரண்டு மூன்று பதிவுகளுக்கு மட்டும் இதை வைத்தால் போதும்.

பயனர்களே பதிவுகளை மதிப்பிடும் வாக்கு முறைக்கு நல்ல முன்மாதிரி ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம். அங்கே கருத்துகளுக்கு -1 முதல் 5 வரை மதிப்பெண். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் படிப்பது என்பதை வாசகரே முடிவு செய்யலாம். மதிப்பிடும் அதிகாரம் சுழற்சியில் வரும், சில நாட்களில் காலாவதியாகும். தான் பேசிய விவாதத்தில் ஒருவர் மதிப்பெண் போட முடியாது. பின்னால் வந்த பல தளங்கள் வாக்கை எடுத்துக்கொண்டு இந்தக் கடிவாளங்களை விட்டுவிட்டன. அப்புறம் சிறுபான்மைக் கருத்து அடியில் போவதில் வியப்பில்லை.

என் தேர்வு, பதிவை முதலில் வெளிவிட்டு, விதி மீறினால் பிறகு எடுக்கும் பின் நீக்கம்தான், காரணம் சொல்லி நீக்குவதாக இருந்தால். அறிவிப்பு இப்படி இருக்க வேண்டும்: "விதி 2, தனிநபர் தாக்குதல். கடைசி வரியை எடுத்துவிட்டு மறுபடி பதியலாம். முறையிட 7 நாள். வேறொரு மட்டுறுத்துநர் பார்ப்பார்." நீக்கியவரே முறையீட்டையும் விசாரித்தால் அது கண்துடைப்பு. பதிவும் பதில்களும் தொடரும் இழையில் 'நீக்கப்பட்டது' என்ற அடையாளம் நிற்கட்டும். இல்லாவிட்டால் அதற்கு வந்த பதில்கள் அந்தரத்தில் தொங்கும். இத்தனை புகார் வந்தால் தானாக மறையும் என்ற ஏற்பாடு மிக ஆபத்தானது: ஒரு கும்பல் சேர்ந்து பிடிக்காதவரின் வாயை அடைத்துவிடும். புகார் செய்பவரின் முந்தைய புகார்களில் எத்தனை சரியாக இருந்தன என்று பார்த்து எடை போட வேண்டும்.

விதிகளை மேலே ஒட்டி வைத்தால் பேச வருபவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்பார்கள். ரெடிட் என்ற விவாதத் தளத்தின் அறிவியல் குழுவில் நடந்த, 2019இல் வெளியான ஆய்வில் நேர்மாறாக இருந்தது: புதியவர்கள் விதிகளை மதித்து நடப்பது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது, அவர்களின் பங்கேற்பு சராசரியாக 70% உயர்ந்தது.

பேசுபவருக்கே தெரியாமல் அவர் பதிவுகளைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்கும் மறைமுகத் தடையை மனிதர்கள்மேல் பயன்படுத்தவே கூடாது. தவறு எதுவென்று தெரியாதவர் எதைத் திருத்துவார்? 2024 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் நீக்கத்துக்கு மட்டுமல்ல, பதிவைக் கீழே தள்ளுவதற்கும் காரணம் சொல்லச் சொல்கிறது. ஏமாற்றும் நோக்கில் மொத்தமாகக் கொட்டப்படும் விளம்பரங்களுக்கு விலக்கு உண்டு.