எங்கள் அடுப்படியை விசாரித்த போசாக்கு கிளினிக்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனும், உடலில் சளி தடித்து நுரையீரலையும் சமிபாட்டையும் பாதிக்கும் பரம்பரை நோயுள்ள என் ஐந்து வயது மகளை, மலையக நகரொன்றின் அரசாங்க வைத்தியசாலையில் நடக்கும் போசாக்கு கிளினிக்கிற்கு ஒரு வருடமாக அழைத்துச் செல்கிறேன். முன்பு வேறோர் இடத்தில் தந்த தாளில் சீஸ், கிரீம், இறைச்சி என்று எழுதியிருந்தது; தேயிலைக் கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் அவற்றை நாள்தோறும் வாங்க இயலாது. இங்குள்ள போசாக்கு ஆலோசகரோ, "அம்மா, பிள்ள நேத்து காலையில இருந்து என்னென்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டுத்தான் தொடங்கினார்.

மகளின் மலம் எண்ணெய்ப் பசையோடு போவதைக் கண்டு, சமையலில் எண்ணெயை நான் ஏறக்குறைய நிறுத்தியிருந்தேன். தடித்த சளி கணையத்தின் குழாய்களை அடைத்துவிடுவதால் சமிபாட்டு நொதியங்கள் குடலுக்கு வருவதில்லை என்றும், உண்ட கொழுப்பும் அதனோடு ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் வீணாகின்றன என்றும், இப்பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல் கலோரி வேண்டும் என்றும் அவர் பொறுமையாக விளக்கியபோதுதான் என் தவறு புரிந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. பருப்பில் எண்ணெயும் தேங்காயின் முதற்பாலும் சேர்ப்பது, ரொட்டிக்குத் தேங்காய்ப்பூவைக் கூட்டுவது, நெத்தலியைப் பொரிப்பது, தோட்டத்து மரத்தில் காய்க்கும் பட்டர் புரூட்டைச் சீனியோடு பிசைவது என்று அவர் சொன்னவை எல்லாம் எங்கள் லயத்து அடுப்பிலேயே ஆகக்கூடியவை. ஐந்து வயதோடு, அரசாங்கம் தரும் திரிபோஷா சத்துமா நின்றுபோன எங்களுக்கு இது பெரிய ஆறுதல். வெயில் மிகுந்த கீழ்நாட்டுக்குப் போகும்போது வியர்வையில் உப்பு அதிகம் இழக்கப்படும் என்பதால், உணவில் உப்பைக் கூட்டவும் சொன்னார்.

குடலுக்கு வராத நொதியங்களுக்கு ஈடாக உணவோடு கொடுக்கும் நொதிய மாத்திரையைப் பற்றிய பாடமே மிகச் சிறந்தது. கொழுப்பைச் சமிக்கச் செய்யும் லைப்பேஸ் நொதியம் 10,000 அலகு கொண்ட மாத்திரையின் கூட்டைத் திறந்து, உள்ளிருக்கும் சிறு மணிகளை மசித்த அப்பிளில் கலந்து, மெல்லாமல் விழுங்கவைத்து, பிறகு வாயில் மணிகள் தங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பதுவரை என்னையே செய்துகாட்டச் சொன்னார். பால் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தாலும் மாத்திரை வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

குறை இல்லாமலில்லை. மாத்திரை அடிக்கடி தீர்ந்துவிடுகிறது; வெளியே வாங்கும் விலை எங்களுக்குத் தாங்காது. ஒருமுறை நானாகவே அளவைப் பாதியாக்கியதை எடை அட்டையைப் பார்த்தே கண்டுகொண்டார்கள். என்னைத் திட்டாமல், இனிக் கையிருப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே தொலைபேசியில் அறிவிக்கும்படி எண் தந்தார்கள். இருமும் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் காத்திருக்கவைப்பதுதான் எனக்கு இன்னும் அச்சம் தருகிறது. தொற்றுக்கு எளிதில் ஆளாகும் நுரையீரல் உள்ள பிள்ளைகளுக்கு வேறு நேரம் ஒதுக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். அதுவரை எங்கள் முறை வரும்வரை வெளி விறாந்தையில் நிற்க அனுமதித்திருக்கிறார்கள்.