ஃபன்ஹவுஸ் பின்பால்: பணம் கொடுக்கும் முன் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள்

வில்லியம்ஸ் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஃபன்ஹவுஸ் என்ற பின்பால் (சாய்ந்த மேசையில் பந்தை அடித்து ஆடும் விளையாட்டு) மெஷினைப் போன மாதம் சிகாகோ பக்கத்தில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். பேட் லாலர் வடிவமைத்தது. ரூடி என்ற பொம்மைத் தலைக்காகவே ஆசைப்பட்டேன். பந்து போகிற பக்கமெல்லாம் அவன் கண் உருளும், வாய் ஓயாமல் பேசும். ஆட்டத்தில் வரும் கடிகாரம் நள்ளிரவைத் தொட்டதும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவான். அந்த வாய்க்குள் பந்தை அடித்து மல்டிபால் (ஒரே நேரத்தில் பல பந்துகளோடு ஆடுவது) தொடங்கினால் என் மகள் துள்ளிக் குதிக்கிறாள்.

விற்றவர் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றார். நானும் நாலு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். வீட்டுக்கு வந்து, மேசையின் பின்புறம் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியைத் திறந்தால், மெஷினை இயக்கும் சிபியு போர்டில் இருந்த மூன்று ஏஏ பேட்டரிகளும் கசிந்து, கீழே பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் காலத்து வில்லியம்ஸ் மெஷினில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அதைச் சொல்லாமல் விற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் பந்தை அடிக்கும் ஃபிளிப்பர் தொளதொளவென்று இருந்தது. ரப்பரும் காயில் ஸ்லீவும் (ஃபிளிப்பரை இயக்கும் கம்பிச் சுருளுக்குள் இருக்கும் குழாய்) மாற்றி, மேசையின் சாய்வை 6.5 டிகிரிக்கு வைத்தேன். இப்போது பந்து சும்மா பறக்கிறது.