ஸ்க்ளீரோடெர்மாவில் நுரையீரல் அழுத்தம்: ஒரு மாத்திரை போதுமா, இரண்டும் வேண்டுமா?

நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது "எந்த மாத்திரை நல்லது?" என்றுதான். இணைப்புத் திசு நோய் (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா, லூபஸ் போன்றவை) உள்ளவர்களுக்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: எந்த நோய், நுரையீரல் தழும்பாகியிருக்கிறதா?

லூபஸிலோ கலப்பு இணைப்புத் திசு நோயிலோ வரும் அழுத்தம், சைக்ளோபாஸ்பமைடும் ஸ்டீராய்டும் கொடுத்தால் சிலருக்கு நன்றாகவே இறங்கும். ஸ்க்ளீரோடெர்மாவில் அது நடப்பதில்லை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் அங்கே இந்த அழுத்தத்தைத் தொடுவதே இல்லை. ஒரே பெயரில் இரண்டு வேறு நோய்கள் என்றே சொல்லலாம். எக்கோ வெறும் சந்தேகத்தைத்தான் எழுப்பும், இதயத்துக்குள் குழாய் விட்டு அளந்து சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் என்று உறுதியான பிறகே நுரையீரல் அழுத்தத்துக்கான மருந்துகளைப் பற்றிப் பேச வேண்டும்.

சரி, ஸ்க்ளீரோடெர்மா, நுரையீரலில் பெரிய தழும்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிரே நிற்பவை இரண்டு மருந்துக் குடும்பங்கள். ஒன்று, இரத்தக் குழாயைச் சுருக்கும் எண்டோதீலினைத் தடுப்பவை: போசென்டான், ஆம்பிரிசென்டான், மாசிடென்டான். இன்னொன்று, இரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடின் வேலையை நீட்டிப்பவை: சில்டெனாபில், டடாலபில்.

முதல் குடும்பத்தில் போசென்டான்தான் மூத்தது, 2001-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விரல் நுனியில் புதிய புண்கள் வராமல் அது காக்கும், ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் கல்லீரலை மாதாமாதம் பார்க்க வேண்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரினோடு சேரவே கூடாது, கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும், சில்டெனாபிலின் அளவையும் இரத்தத்தில் இறக்கிவிடும். ஆம்பிரிசென்டானில் கல்லீரல் கவலை குறைவு, ஆனால் கால் வீங்கும். ஸ்க்ளீரோடெர்மாவில் இதயத் தசையே இறுகியிருக்கலாம் என்பதால் அந்த வீக்கத்தை மருந்தின் பக்க விளைவு என்று அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. மாசிடென்டான் தினம் ஒரு முறை 10 மில்லிகிராம், அதில் ஹீமோகுளோபின் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். மூன்றுமே கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிப்பவை, இதில் சமரசம் கிடையாது.

சில்டெனாபில் வழக்கமாக 20 மில்லிகிராம் மூன்று வேளை, டடாலபில் 40 மில்லிகிராம் ஒரே வேளை. தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு வரும். ஏற்கெனவே நெஞ்செரிச்சலோடு இருப்பவர்களுக்கு அது கூடும், ஸ்க்ளீரோடெர்மாவில் அப்படி இல்லாதவர்கள் குறைவு. அதே சமயம் குளிரில் விரல் வெளுக்கும் தொல்லை குறைவதையும் பலர் உணர்வார்கள். நெஞ்சு வலிக்காக நைட்ரேட் எடுப்பவர்கள் மட்டும் இதைத் தொடக் கூடாது, இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும்.

இரண்டில் எது என்று கேட்டால் என் பதில்: முடிந்தால் இரண்டும், முதல் நாளிலிருந்தே. 2015-இல் வெளியான ஆம்பிஷன் ஆய்வு ஆம்பிரிசென்டானையும் டடாலபிலையும் சேர்த்துத் தொடங்கியவர்களைத் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டது. நோய் மோசமாகும் ஆபத்து சேர்த்து எடுத்தவர்களுக்குப் பாதியாகக் குறைந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது, ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் மறையவில்லை என்பதுதான். ஒன்றைக் கொடுத்துப் பார்ப்போம், அப்புறம் இன்னொன்று என்று காத்திருக்கும் மாதங்களில் வலப்பக்க இதயம் தளர்ந்துகொண்டே போகும். வயது மிகுந்தவர்கள், இதயத்திலோ நுரையீரலிலோ வேறு நோய் உள்ளவர்கள் மட்டும் ஒன்றில் தொடங்குவது நியாயம்.

டடாலபிலுக்குப் பதிலாக, அதே நைட்ரிக் ஆக்சைடு வழியில் வேலை செய்யும் ரியோசிகுவாட்டுக்கு மாறலாம், ஆனால் அதோடு சில்டெனாபில், டடாலபில் இரண்டில் எதையும் சேர்த்து எடுக்கவே கூடாது.

இரண்டும் போதவில்லை என்றால் அடுத்தது ப்ராஸ்டாசைக்ளின் வழி, அதாவது இரத்தக் குழாயை விரிக்கும் இன்னொரு இயற்கைப் பொருளைப் போல வேலை செய்யும் மருந்துகள். ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு அதையே தொடக்கத்திலேயே சேர்ப்பார்கள். எபோப்ரோஸ்டெனால் இருப்பதிலேயே பலமானது, ஆனால் உடம்பில் சில நிமிடங்களே நிற்கும் என்பதால் இரவு பகலாக பம்ப் மூலம் நரம்பில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இறுகி மடங்கிய விரல்களோடு அந்த மருந்தைத் தினமும் சுத்தமாகக் கலப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை முடிவெடுக்கும்போதே பேசிவிட வேண்டும். தோலுக்கடியில் செலுத்தும் ட்ரெப்ரோஸ்டினிலில் ஊசி இடம் கடுமையாக வலிக்கும். செலெக்சிபாக் மாத்திரைதான், ஆனால் வயிற்றுப்போக்கும் தாடை வலியும் தரும். 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோட்டாடெர்செப்ட் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, இரத்தக் குழாயின் சுவர் தடிப்பதையே குறிவைக்கிறது. மூக்கில் இரத்தம் வருவதும் தோலில் சிவந்த நுண்குழாய்கள் தோன்றுவதும் அதன் பக்க விளைவுகள், அந்தச் சிவப்புப் புள்ளிகள் ஸ்க்ளீரோடெர்மாவில் ஏற்கெனவே இருப்பவை.

நுரையீரல் நன்றாகத் தழும்பாகியிருந்தால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. இரத்தக் குழாய்களை விரிக்கும் மாத்திரைகள் காற்று போகாத பகுதிக்கும் இரத்தத்தை அனுப்பி ஆக்சிஜனைக் குறைத்துவிடலாம். அங்கே மூச்சில் இழுக்கும் ட்ரெப்ரோஸ்டினில்தான் பலன் காட்டியிருக்கிறது.

விரல் வெளுப்புக்காக நிபெடிபின் எடுக்கும் பலர் அது நுரையீரல் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்கிறது என்று நம்பியிருக்கிறார்கள். அப்படி இல்லை. விரலுக்கு அதைத் தொடரலாம், நுரையீரலுக்கு வேறு மருந்து வேண்டும்.