விட்டுப் போனவர் திரும்பி வர முடிகிறதா? ஆன்லைன் கேம்களை வருடக்கணக்கில் ஆடினால் தெரிவது

ஒரு ஆன்லைன் கேமை ஐந்தாறு வருடம் ஆடுகிறவர் யாரும் அந்த ஐந்தாறு வருடமும் விடாமல் ஆடுவதில்லை. பரீட்சை வரும், வேலை மாறும், குழந்தை பிறக்கும், சும்மாவே அலுத்தும் போகும். மூன்று மாதம் விட்டுவிட்டு மறுபடி வருவார்கள். கேம் வெளியான முதல் வாரத்தில் வரும் விமர்சனங்கள் கிராஃபிக்ஸ், மேப், ஆயுதங்கள் எல்லாவற்றையும் அலசும். இந்தப் போக்குவரத்தைத் தொடாது, தொடவும் முடியாது. ஆனால் ஒரு கேம் நிலைப்பதும் காலியாவதும் அதில்தான் இருக்கிறது. புது ஆளை விளம்பரம் கொண்டுவந்துவிடும். போனவர் திரும்பி வந்தால் உடனே ஒரு நல்ல மேட்ச் கிடைக்க வேண்டும், தெரிந்த பெயர் நாலாவது ஆன்லைனில் இருக்க வேண்டும், விட்ட இடத்தை எட்டிப் பிடிக்க முடிய வேண்டும். இந்த மூன்றில் எது உடைந்தாலும் அவர் அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்துவிடுவார்.

முதலில் மேட்ச் கிடைப்பதைப் பார்ப்போம். ஒரே நேரத்தில் 3,000 பேர் ஆடுகிறார்கள் என்றால் அது உயிரோடு இருக்கும் கேம் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வர் பகுதிகள் ஐந்து என்றால் உங்கள் பகுதிக்கு 600 பேர். மோட், அதாவது ஆட்ட வகை, நான்கு என்றால் உங்கள் மோடில் 150 பேர். இவர்கள் எல்லாரும் மேட்ச் தேடும் வரிசையில், அதாவது கியூவில் நிற்பதில்லை, பெரும்பாலோர் மேட்சுக்குள் இருக்கிறார்கள். ஒரு மேட்ச் 25 நிமிடம் ஓடினால், நிமிடத்துக்கு 6 பேர்தான் ஆட்டம் முடிந்து மறுபடி கியூவுக்கு வருவார்கள். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். திறமை பார்க்காமல் சேர்த்தால் 100 வினாடியில் மேட்ச் அமைந்துவிடும். திறமையை ஐந்து தட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு தட்டுக்கும் நிமிடத்துக்கு 1.2 பேர்தான். பத்துப் பேர் சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். உச்சியிலும் அடியிலும் ஆள் எப்போதுமே குறைவு என்பதால் அங்கே இன்னும் நீளும்.

எட்டு நிமிடம் காக்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் ஆட்களைச் சேர்த்துவிடும் மேட்ச்மேக்கர் நேரம் ஆக ஆகத் திறமை வரம்பைத் தளர்த்தும், பிறகு தூரத்து சர்வரையும் சேர்த்துக்கொள்ளும். பத்து மணி நேரமே ஆடிய புதியவர் எதிரே ஆயிரம் மணி நேரம் ஆடியவர் வந்து நிற்பார். வரிசையாக ஐந்து தோல்வி, அதுவும் எப்படிச் செத்தோம் என்றே புரியாத தோல்வி. அவர் போய்விடுவார். கீழ்த்தட்டு காலியானால் நடுத்தட்டுதான் அடுத்த கீழ்த்தட்டு. இப்போது அடி வாங்குவது அவர்களின் முறை. கேம் காலியாவது இப்படித்தான் கீழிருந்து மேலே ஏறுகிறது. மேலே இருக்கும் பழைய ஆட்டக்காரர்களுக்குக் கடைசி வரை எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

இந்த நிலையில் நிறுவனங்கள் பெரும்பாலும் புது மோட் ஒன்றை விடுகின்றன. இருக்கும் 150 பேரை 120 ஆக்கும் வேலை அது. செய்ய வேண்டியது நேர்மாறு: மோட்களைக் குறைத்து வாரம் ஒன்றாகச் சுழற்ற வேண்டும், பிசி, கன்சோல் ஆட்களை கிராஸ்பிளேயில் ஒன்றாக்க வேண்டும், புதியவரின் முதல் சில மேட்ச்களில் பாட்களை (கணினியே ஆட்டுவிக்கும் ஆட்டக்காரர்களை) சேர்க்க வேண்டும். ஃபோர்ட்நைட் 2019-ல் பாட்களைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். உச்சத்தில் இருக்கும்போதே அதைச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தொடக்கத்திலேயே கூட்டம் சேராவிட்டால் இந்தச் சரிவு மின்னல் வேகத்தில் நடக்கும். சோனி வெளியிட்ட கான்கார்டு 2024 ஆகஸ்ட் 23-ல் வந்தது, செப்டம்பர் 6-ல் சர்வர் நிறுத்தப்பட்டது, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அதே வகையில் இலவச கேம்கள் குவிந்திருந்த இடத்தில் 40 டாலர் விலை வைத்து வந்த கேம் அது. எதிர்ப்பக்கம் அமங் அஸ். 2018-ல் வந்தது, 2020 வரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, ஆனாலும் சாகவில்லை. அதை ஆட ஒரு அறைக் குறியீடும் ஒரு நண்பர் கூட்டமும் போதும். உலகில் வேறு யாருமே ஆடாவிட்டாலும் அந்தக் கூட்டத்துக்கு ஆட்டம் குறையாது. சிறு நிறுவனங்களின் கேமை வாங்கும்போது நான் முதலில் தேடுவது இந்த வசதியைத்தான்.

பழைய ஆளையும் புது ஆளையும் ஒரே கியூவில் நிறுத்தும் வேலையை ஃபைனல் ஃபேன்டசி 14 அளவுக்கு யாரும் செய்ததில்லை என்பது என் கருத்து. 2010-ல் வந்து படுதோல்வியடைந்து, 2012-ல் மூடப்பட்டு, 2013 ஆகஸ்டில் புதிதாக எழுதப்பட்டு வந்த கேம் அது. அதில் ரூலெட் என்று ஒன்று உண்டு. தினமும் ஒருமுறை ரூலெட்டில் நுழைந்தால் கூடுதல் பரிசு. ஆனால் எந்த டன்ஜனுக்கு (சிறு குழுவாகப் போய் எதிரிகளை முடிக்கும் இடம்) அனுப்பும் என்பது உங்கள் கையில் இல்லை. உச்ச நிலையில் இருப்பவரையும் லெவலைக் குறைத்து, பத்து வருடம் பழைய டன்ஜனில் கொண்டுபோய் விடும். அங்கே முதல்முறை வருகிறவர் ஒருவர் இருந்தால் குழுவில் எல்லாருக்கும் போனஸ். குழுவில் எந்த ரோலுக்கு (அடி தாங்குபவர், குணமாக்குபவர் போன்ற பொறுப்பு) ஆள் தட்டுப்பாடோ அதற்குத் தனிப் பரிசு. இதனால் இன்று சேர்கிறவருக்கும் பழைய டன்ஜனுக்கு ஆள் கிடைக்கிறது, புதியவரைப் பார்த்தால் பழையவர் முகம் சுளிப்பதும் குறைகிறது. வேறு பல கேம்களில் பழைய மேப்கள் தூசி படிந்து கிடக்க, எல்லாரும் போன வாரம் வந்த ஒன்றில் மட்டும் மொய்க்கிறார்கள்.

நெட்வொர்க்கும் இதே கியூ விஷயம்தான். சண்டை கேம்களில் இது நன்றாகத் தெரியும். அவை வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகின்றன, ஒரு ஃபிரேம் 16.67 மில்லிசெகண்ட். பழைய முறையில், எதிராளியின் பட்டன் தகவல் வந்து சேரும்வரை உங்கள் பட்டனும் காத்திருக்கும். போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும் இணைப்பில் மூன்று ஃபிரேம் தாமதம். அந்தத் தாமதம் நிலையாக இருந்தாலாவது பழகிக்கொள்ளலாம், அது ஏறி இறங்கினால் கை மறந்தே போகும். ரோல்பேக் முறை எதிராளி என்ன செய்வார் என்று ஊகித்து உடனே காட்டிவிடும், ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னே போய்த் திருத்தி வரையும். டோனி கேனன் 2006-ல் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள் இதற்கு வழிகாட்டியது. 2021-ல் கில்டி கியர் ஸ்டிரைவ் ரோல்பேக்கோடு வந்ததும், மற்ற சண்டை கேம்களை வாங்குகிறவர்கள் முதலில் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். தூரத்தில் இருப்பவருடனும் ஒழுங்காக ஆட முடியும் என்றால், ஒரு ஆள்கூடச் சேராமலே உங்கள் கியூ பெரிதாகிவிடுகிறது.

பிங் எண்ணை, அதாவது தகவல் சர்வருக்குப் போய்வர ஆகும் மில்லிசெகண்டை, மட்டும் பார்க்காதீர்கள். 70-ல் அசையாமல் நிற்கும் பிங், 30-க்கும் 90-க்கும் இடையே துள்ளும் பிங்கை விட எவ்வளவோ மேல். செட்டிங்ஸில் நெட்வொர்க் கிராஃபைப் போட்டுவிட்டு, வைஃபையை அணைத்து கேபிளில் மூன்று மேட்ச் ஆடிப் பாருங்கள். கேபிளிலும் துள்ளினால் கோளாறு உங்கள் வீட்டு வைஃபையில் இல்லை. இணையச் சேவையிலோ சர்வர் தூரத்திலோ இருக்கிறது. சர்வர் வினாடிக்கு 64 முறை கணக்கிடுகிறதா 128 முறையா என்ற 64 டிக், 128 டிக் சண்டை பெரிதாகப் பேசப்படுகிறது. இடைவெளி 15.6 மில்லிசெகண்டா 7.8-ஆ என்பதுதான் வித்தியாசம். அதற்காக யாரும் கேமை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. கூட்ட நேரத்தில் சர்வர் திணறினால் போகிறார்கள்.

அடுத்தது, விட்ட இடத்தைப் பிடிப்பது. பேட்டில் பாஸ், அதாவது ஒரு சீசனில் ஆடி ஆடி நிலை ஏறிப் பரிசு எடுக்கும் சீட்டு, வாங்கும் முன் ஒரு கணக்கு அவசியம். மூன்று மேட்ச் ஆடுங்கள், லாபி, கியூ நேரத்தையும் சேர்த்து எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வந்தது என்று குறியுங்கள். ஒரு நிலைக்கு 40 நிமிடம் என்று வந்தால் 100 நிலைக்கு 4,000 நிமிடம், கிட்டத்தட்ட 67 மணி நேரம். சீசன் பத்து வாரம் என்றால் வாரத்துக்கு 6.7 மணி நேரம். முதல் மூன்று வாரம் தவறினால் மீதி ஏழில் வாரத்துக்கு 9.5 மணி நேரம். வேலைக்குப் போகிறவர் இந்த இடத்தில் கை விரித்துவிடுவார். இனி முடிக்க முடியாது என்று ஆனபின், மீதி சீசனில் சும்மா ஆடக்கூட வரமாட்டார். தினசரி டாஸ்க், தொடர் லாகின் பரிசு எல்லாம் இதே ரகம். ஆடுகிறவரை அன்றைக்கு இழுக்கும், ஒருநாள் சங்கிலி அறுந்தால் மொத்தமாக அனுப்பிவிடும்.

ஹேலோ இன்ஃபினிட்டில் காசு கொடுத்து வாங்கிய பாஸ் காலாவதி ஆவதில்லை. ஹெல்டைவர்ஸ் 2-ன் வார்பாண்டும் அப்படித்தான், ஆறு மாதம் கழித்து வந்தாலும் விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம். ஈவ் ஆன்லைனில் வரிசையில் போட்டுவைத்த திறன்கள் நீங்கள் லாகின் செய்யாத நேரத்திலும் ஏறிக்கொண்டிருக்கும். ஃபைனல் ஃபேன்டசி 14-ஐ மீட்டெடுத்த நவோகி யோஷிடா, அலுத்தால் நிறுத்திவிட்டு வேறு கேம் ஆடுங்கள், புதிது வந்ததும் திரும்பி வாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். மாதச் சந்தாவில் ஓடும் கேமின் தயாரிப்பாளர் சொன்னது இது. மனக்கசப்பில்லாமல் போனவர்தான் திரும்பி வருவார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி ஆட்கள். கில்டு, அதாவது சேர்ந்து ஆடும் நிலையான குழு, வைத்து நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு எழுதாமலே தெரியும்: ஒவ்வொருவரும் சொன்ன நாளில் வருவதற்கு 95 சதவீதம் வாய்ப்பு என்று வைத்தாலும், எட்டுப் பேரும் சேர்ந்து வர 66 சதவீதம்தான். இருபது பேர் என்றால் 36 சதவீதம். அதனால் இருபது பேர் சேர்ந்து பெரிய எதிரியை வீழ்த்தப் போகும் ரெய்டுக்கு நாலைந்து மாற்று ஆட்கள் வேண்டும். மாற்று ஆள் வாராவாரம் லாகின் செய்து வெளியே உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் போய்விடுவார். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் முதலில் 40 பேர் ரெய்டு வைத்திருந்தது, 2007-ல் 25 ஆக்கியது, 2013-ல் பத்து முதல் இருபத்தைந்து வரை எத்தனை பேர் வந்தாலும் அதற்கேற்ப மாறும் ரெய்டைக் கொண்டுவந்தது. இந்த ஒரு மாற்றம் பல நடுத்தர கில்டுகளைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். அதே கேமில் 2009 டிசம்பரில் வந்த, தானாகவே குழு சேர்த்துவிடும் டன்ஜன் ஃபைண்டர் கலப்பான விஷயம். காத்திருப்பைக் குறைத்தது, ஆனால் வேறு வேறு சர்வரிலிருந்து சேர்த்துவிடும் நாலு பேரை மறுபடி பார்க்கவே மாட்டீர்கள். மரியாதையாக ஆடவும் காரணமில்லை, நட்பாகவும் வழியில்லை.

கில்டு நடத்துகிறவர்களுக்கு ஒன்று: தலைவர் ஒருவர் கையில் மட்டும் டிஸ்கார்டு நிர்வாகம், கில்டு வங்கி, ரெய்டு அட்டவணை மூன்றும் இருக்க விடாதீர்கள். இரண்டாவது ஆளுக்கு அதே அனுமதியைக் கொடுங்கள், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் ரெய்டு வைக்காதீர்கள். தலைவர் களைத்துப் போய் நின்றால் அவரோடு இருபது பேர் அந்தக் கேமையே விடுகிறார்கள்.

ஆடிப் பழகியதைத் தலைகீழாக மாற்றுவது இன்னொரு கொலை. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் 2005 நவம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கியது. வருடக்கணக்கில் தையல்காரராகவோ உயிரினப் பயிற்சியாளராகவோ கட்டி வளர்த்த அடையாளம் ஒரே அப்டேட்டில் போனது. போனவர்கள் திரும்பவில்லை, 2011 டிசம்பரில் மூடினார்கள். ரூன்ஸ்கேப் நிறுவனம் இதற்கு மாற்று கண்டது. 2007 ஆகஸ்ட் பேக்கப்பை எடுத்து 2013-ல் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று தனியாக விட்டது, புது அம்சம் எதையும் வாக்கெடுப்புக்கு வைத்தது. 75 சதவீதம் ஆதரவு வேண்டும், பின்னாளில் அது 70 ஆனது. ரெயின்போ சிக்ஸ் சீஜ் 2017-ல் ஒரு சீசனின் புது ஆட்களையும் மேப்பையும் நிறுத்தி, ஆபரேஷன் ஹெல்த் என்ற பெயரில் சர்வரையும் பக்குகளையும் சரிசெய்தது. அப்போது முணுமுணுத்தவர்கள் நிறைய. கேம் அதற்குப்பின் பல வருடம் ஓடியது.

ஏமாற்று ஆட்டம் பற்றிச் சுருக்கமாக: ரிப்போர்ட் செய்தவருக்கு ‘நீங்கள் புகார் செய்தவர்மீது நடவடிக்கை எடுத்தோம்’ என்று ஒரு வரி வர வேண்டும். அது வராத கேமில் மக்கள் ரிப்போர்ட் செய்வதை நிறுத்துகிறார்கள், பிறகு ஆடுவதை. வசைக்குத் தீர்வாக, மைக்கை மொத்தமாக அணைத்தும் ஆட முடிய வேண்டும். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸின் பிங் பட்டன் (மேலே சொன்ன பிங் எண் இல்லை, திரையில் குறியிட்டுக் காட்டும் பட்டன்) இதைச் சாதித்தது. எதிரி, ஆயுதம், போக வேண்டிய இடம் எல்லாவற்றையும் ஒரு சொல் பேசாமல் காட்டலாம்.

இடைவெளி விட்டு ஒரு கேமுக்குத் திரும்புவதாக இருந்தால், காசு எதுவும் போடாமல் ஒரு வாரம் பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஆடும் மணியில் ஐந்து மேட்ச் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஆன காத்திருப்பைக் குறியுங்கள். மூன்று நிமிடத்துக்குள் கிடைத்து, அதே பெயர்கள் எதிர் அணியில் திரும்பத் திரும்ப வராவிட்டால் கூட்டம் இருக்கிறது. பழைய நண்பர் பட்டியலில் கடைசி லாகின் தேதியைப் பாருங்கள். நீங்கள் விட்டபின் வந்த பேட்ச் குறிப்புகளில் எத்தனை பக் திருத்தம், எத்தனை கடைப் பொருள் என்று எண்ணிப் பாருங்கள். தனியார் சர்வர் ஓட்ட அனுமதி உண்டா என்றும் தேடுங்கள். 2014-ல் வந்த த க்ரூ, 2024 மார்ச் 31-ல் சர்வர் நின்றதும் தனியாக ஓட்டிப் பார்க்கக்கூட முடியாமல் போனது. கவுன்டர்-ஸ்டிரைக் 1.6-க்கு இன்றும் ஆட்டக்காரர்களே சர்வர் வைத்து ஆடுகிறார்கள்.