ஃப்ரிட்ஜ் கதவில் தண்ணீர் வரவில்லையா? மாடித் தொட்டி, பம்பு, ஆர்.ஓ., கைத்தொட்டி: எது நம்ம ஊருக்குச் சரி?

கதவிலேயே தண்ணீரும் ஐஸும் தரும் பெரிய ஃப்ரிட்ஜ் கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிறைய வீடுகளுக்கு வந்துவிட்டது. கூடவே ஒரு புகாரும் வந்துவிட்டது: "தண்ணி நூலாட்டம் வருது, ஐஸ் விழவே மாட்டேங்குது." உடனே ஃபில்டரை மாற்றுகிறார்கள், அப்புறம் வால்வை. பணம் போனதுதான் மிச்சம். இந்த ஊர் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது ஃப்ரிட்ஜை அல்ல, அதற்குள் போகும் தண்ணீரின் அழுத்தத்தை.

கணக்கு எளிது. குழாய் இணைக்கும் ஃப்ரிட்ஜுகள் பலவும் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கேட்கும். மாடித் தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் 14 பி.எஸ்.ஐ. கிடைக்கும். 20 வேண்டுமென்றால் தொட்டி 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். காலையும் மாலையும் வரும் தண்ணீரைச் சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றும் ஒரு மாடி வீட்டில், கீழ்வீட்டுச் சமையலறைக்கு 7, 8 மீட்டர் கிடைத்தாலே அதிகம். மாடிப் போர்ஷன் என்றால் அதில் பாதிதான்.

எதையும் வாங்குவதற்கு முன் சோதித்துவிடுங்கள். கதவில் 170 மில்லி பேப்பர் கப்பை வைத்துப் பிடியுங்கள். 10 விநாடியில் நிறைந்தால் அழுத்தம் போதும். நிறையவில்லை என்றால் ஃபில்டரைக் கழற்றி, கூட வந்த பைபாஸ் மூடியை (ஃபில்டர் இல்லாமலே தண்ணீரைப் போகவிடும் மூடி) போட்டுப் பாருங்கள். இப்போது நன்றாக வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. அதன் ஆயுள் சுமார் ஆறு மாதம்தான். அப்போதும் நூல்தான் என்றால் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மூடி, பின்பக்கம் கால் இஞ்ச் ட்யூபைக் கழற்றி வாளிக்குள் விட்டுத் திறங்கள். வாளியில் வேகமாக விழுந்தால் கோளாறு ஃப்ரிட்ஜ் பக்கம். ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீரை விடும் இன்லெட் வால்வின் வாயிலுள்ள சின்ன வலையில் உப்பும் மணலும் பிடித்திருக்கும், பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். வாளியிலும் சொட்டுச் சொட்டாக விழுந்தால் அழுத்தம்தான் காரணம். ஐஸ் ஒழுங்காக விழுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் கதவுக்குள் போகும் ட்யூப் உறைந்திருக்கலாம். ஃப்ரீசரின் குளிரைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஒரு நாள் பொறுங்கள்.

அழுத்தம்தான் குறை என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ப்ளம்பர் சொல்லும் முதல் வழி, மாடித் தொட்டியிலிருந்து தனி லைன் இழுப்பது. செலவு குறைவு, ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. லைன் புதிதானாலும் உயரம் அதேதான். இன்னொரு சிக்கலும் உண்டு. இன்லெட் வால்வு இறுக்கமாக மூடுவதே தண்ணீரின் அழுத்தத்தால்தான். அழுத்தம் போதாமல் போனால் வால்வு அரைகுறையாக மூடி, ஐஸ் தட்டுக்குப் போகும் குழாயில் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு ஃப்ரீசருக்குள் உறைந்து குழாயை அடைக்கும். ஐஸ் நின்றுபோகும், நாம் ஐஸ் மேக்கரைக் குறை சொல்வோம். அடைப்பதற்கு முன்னால் ஐஸ் கட்டிகள் சிறுத்தோ உள்ளே கூடாகவோ விழும். அதைக் கண்டால் இதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் பம்பு போட்டால் அழுத்தப் பிரச்சினை அன்றே தீரும். குளியலறை ஷவரும் சேர்ந்து நன்றாக வரும். பழைய பைப் ஜாயின்ட்டுகள் தாங்குமா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் பம்பு தண்ணீரைத் தள்ளுமே தவிரத் திருத்தாது. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரின் உப்பை வாளி விளிம்பிலும் ஹீட்டர் காயிலிலும் வெள்ளையாகப் பார்க்கிறோம். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது கார்பன் ஃபில்டர். குளோரின் வாசனையை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. உங்கள் தண்ணீர் 500-ஐத் தாண்டினால் வெறும் பம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆர்.ஓ.விலிருந்து கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண ஆர்.ஓ.விலிருந்து நேராக முடியாது. அதன் தொட்டியில் அழுத்தமே கிடையாது, தண்ணீர் தானாக இறங்கித்தான் வருகிறது. சிங்க் அடியில் வைக்கும் பிரஷர் டேங்க் உள்ள ஆர்.ஓ. வேண்டும், அல்லது ஆர்.ஓ. தொட்டிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஒரு குட்டி டெலிவரி பம்பு வேண்டும். ஃப்ரிட்ஜின் சொந்த ஃபில்டரை எடுத்துவிட்டுப் பைபாஸ் மூடி போட்டுவிடுங்கள்; ஏற்கெனவே சுத்தமான தண்ணீருக்கு அது வீண் தடை. செம்புக் குழாய் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர் அதை அரிக்கும். குழாய் ஃப்ரிட்ஜை ஏற்கெனவே வாங்கிவிட்ட சொந்த வீட்டுக்காரர்களுக்கு என் தேர்வு இதுதான். செலவு கூடுதல்தான், ஆனால் அழுத்தம், உப்பு இரண்டும் ஒன்றாகத் தீரும்.

இன்னும் வாங்கவில்லையா? அப்படியென்றால் குழாயே தேவையில்லாத, கதவுக்குள் சில லிட்டர் தொட்டி உள்ள ஃப்ரிட்ஜைப் பாருங்கள். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நீங்களே ஊற்றுவீர்கள். கையால் அழுத்தும் சாதா வால்வு உள்ளதென்றால் கரன்ட் இல்லாமலும் தண்ணீர் வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கரன்ட் இல்லாமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கழற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் வழவழப்புப் படியும். இந்த வேலைக்கு வீட்டில் ஒருவர் தயார் என்றால், வாடகை வீட்டுக்காரர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை, வீடு மாறும்போது கழற்றவும் ஒன்றும் இல்லை.