குட்டைச் சட்டவேலியா, கயிற்றேணியா, கூம்பா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடசாலை அணிக்கோ, ஒழுங்கையில் ஓடித்திரியும் பிள்ளைகளுக்கோ வேகத்துக்கும் சுறுசுறுப்புக்கும் ஒரே ஒரு பயிற்சிப் பொருள் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், குட்டைச் சட்டவேலிகள் ஆறு வாங்குங்கள், அல்லது செய்துகொள்ளுங்கள். இரண்டாம் இடம் கூம்புகளுக்கு. நிலத்தில் விரித்துக் கால்களைத் துரிதமாக வைத்து எடுக்கும் கயிற்றேணி, காணொளிகளில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், மூன்றாவதாகத்தான் வரும். இந்த வரிசையோடு சண்டை பிடிக்கக் கொழும்பில் பயிற்றுநர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது தெரியும். சண்டைக்கு நான் தயார்.

குட்டைச் சட்டவேலி என்றதும் போட்டிச் சட்டவேலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆண்களுக்கான 110 மீற்றர் ஓட்டத்தில் அதன் உயரம் 1.067 மீற்றர். 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் நமக்கு முதல் பதக்கத்தை, வெள்ளியை, வென்று தந்த 400 மீற்றர் ஓட்டத்தில் அது 91.4 சென்ரிமீற்றர். இங்கே பேசப்படுவது 15 முதல் 30 சென்ரிமீற்றர் வரை உயரமுள்ள, காலில் பட்டால் விழுந்துவிடும் இலேசான பிளாஸ்டிக் சட்டம். அதைத் தாண்டக் கற்பது நோக்கம் அல்ல. அதை வைத்துக்கொண்டு கால் எப்படி உயர்கிறது, எப்படி இறங்குகிறது, எவ்வளவு விரைவாக நிலத்தை விட்டு மீள்கிறது என்பதைத் திருத்துவதே நோக்கம். அதனால் உதைபந்தாட்டக்காரருக்கும் வலைப்பந்தாட்டக்காரருக்கும் பந்து தடுக்கும் கிரிக்கெட் வீரருக்கும் இது பொதுச்சொத்து.

ஏணியும் சட்டவேலியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டிலும் பிள்ளை இடைவெளிகளுக்குள் காலை வைத்து வைத்து எடுக்கிறது. ஓரமாக நின்று பார்க்கும் பெற்றோருக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் ஏணியின் படிகள் நிலத்தோடு நிலமாகக் கிடப்பவை. பாதத்தை இரண்டு விரற்கடை தூக்கினாலே போதும். முதுகை வளைத்து, தலையைக் கவிழ்த்து, காலை இழுத்து இழுத்து ஓடினாலும் ஏணி ஒன்றும் சொல்லாது. சட்டவேலி அப்படி விட்டுவிடாது. முழங்கால் உயராவிட்டாலும், பாத நுனி கீழே தொங்கினாலும் சட்டம் சரிந்து விழும். பயிற்றுநர் வாய் திறக்கத் தேவையில்லை, பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது.

இடைவெளியையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் ஏணியில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே வழமையாக 40 முதல் 45 சென்ரிமீற்றர். 2009 இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீற்றரை 9.58 செக்கனில் ஓடியபோது ஏறத்தாழ 41 எட்டுகளில் முடித்தார். சராசரியாக ஓர் எட்டு 2.4 மீற்றருக்கும் மேல். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எட்டு அவ்வளவு நீளாதுதான். ஆனாலும் ஏணிப் படியின் இடைவெளி அந்தப் பிள்ளையின் எட்டிலும் ஒரு சிறு பங்குதான். காலை எத்தனை தடவை நிலத்தில் தட்டுகிறோம் என்பதில் மட்டும் வேகம் இல்லை. ஒவ்வொரு தட்டிலும் நிலத்தை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது. ஏணிக்குள் தள்ளுவதற்கு இடமே இல்லை. வலைப்பந்து விளையாடும் மாணவி ஒருத்தி ஒருநாள் என்னிடம் வந்து, “சேர், ஏணியில் நான்தான் முதலாவது, ஓட்டத்தில் மட்டும் ஏன் ஐந்தாவதாக வருகிறேன்?” என்று கேட்டாள். வாய்பாட்டை மடமடவென்று ஒப்புவிக்கும் பிள்ளை கணக்கிலும் கெட்டியாக இருக்கும் என்று சொல்ல முடியுமா?

ஏணிக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். எட்டு, ஒன்பது வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கு இடக்கால், வலக்கால், உள்ளே, வெளியே என்ற ஒழுங்கை மூளையில் பதிய வைக்க அது நல்ல கருவி. இயைபாக்கம் என்று பாடப்புத்தகம் சொல்வதன் முதற்படி அது. உடலைச் சூடாக்கும் பத்து நிமிடத்துக்கும் ஏற்றது. மூட்டுகளில் அதிர்ச்சி குறைவு; சுருட்டினால் பைக்குள் அடங்கும். அந்தப் பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகிவிடுவதுதான் என் முறைப்பாடு.

சட்டவேலியை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். முதலாவதும் எனக்கு மிகப் பிடித்ததும் ஊடோட்டம். 15 சென்ரிமீற்றர் சட்டங்களை நேர்கோட்டில் வைத்து, பிள்ளையைப் பதினைந்து மீற்றர் தூரத்திலிருந்து ஓடிவந்து வேகம் குறையாமல் அவற்றின் மேலாக ஓடச் செய்வது. அமெரிக்கப் பயிற்றுநர்கள் இதை ‘விக்கெட்’ பயிற்சி என்கிறார்கள். கிரிக்கெட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பதின்மூன்று வயதளவில் இருப்பவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீற்றரில் தொடங்கி, ஒவ்வோர் இடைவெளியையும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகலாம். வேகமாக ஓட வேண்டும் என்ற ஆவலில் காலை உடம்புக்கு வெகு முன்னே வீசி, குதிக்காலால் தரையில் ஊன்றி, தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் பரவலாக உண்டு. சட்டங்களுக்கு நடுவே அப்படி வீச முடியாது. பாதம் இடுப்புக்குக் கீழேயே வந்து இறங்கியாக வேண்டும். இதை வாயால் விளக்கினால் பிள்ளை தலையாட்டும். மறுபடியும் பழையபடியே ஓடும்.

இரண்டாவது, இரு கால்களையும் சேர்த்துத் துள்ளுவது. இங்கே உயரத்தைவிடத் தரையில் தங்கும் நேரம்தான் முக்கியம். பாதம் தரையைத் தொட்டு மீள்வது செக்கனின் நான்கில் ஒரு பங்குக்குள் நடந்தால்தான் தசையும் தசைநாணும் வில்லைப் போல இழுபட்டு மீளும் பயன் முழுமையாகக் கிடைக்கும். முழு வேகத்தில் ஓடும் தேர்ந்த ஓட்டவீரரின் பாதம் செக்கனின் பத்தில் ஒரு பங்கு அளவே தரையில் நிற்கிறது. இதை அளக்கக் கருவி தேவையில்லை, காது போதும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குறுகிய, கூர்மையான ஒலி சீரான இடைவெளியில் வந்தால் சரி. ‘தொப்’ என்று கனத்த ஒலியும், அதன் பின் சப்பாத்து உரசும் ஒலியும் வந்தால் பிள்ளை குதிக்காலில் இறங்கி, குந்தி, மறுபடி எழும்புகிறது. அப்போது உயரத்தைக் குறைக்க வேண்டும்.

நம்மவர்கள் பெரும்பாலும் உயரத்தைக் கூட்டுகிறார்கள். 15 சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டான், இனி 30 என்ற அவசரம். முப்பதையும் தாண்டுவான்தான். ஆனால் எப்படி என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்: இடுப்பு முன்பு எழும்பிய அளவுக்கே எழும்பியிருக்கும், முழங்கால்கள் மட்டும் நெஞ்சுவரை மடிந்திருக்கும். துள்ளல் கூடவில்லை, மடிப்புத்தான் கூடியிருக்கிறது. கீழே வரும்போது அந்த மடித்த கால்களை விரிக்க நேரம் போதாமல் கனமாக இறங்குவான். சட்டத்தைப் பார்க்காமல் காற்சட்டையின் இடுப்புப் பட்டியைப் பார்த்தால் உண்மை தெரியும்.

மூன்றாவது பக்கவாட்டு நகர்வு: இரண்டு, மூன்று சட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, அவற்றின் மேலாகப் போய், கடைசிக் காலில் நின்று, திரும்பி வருவது. வலைப்பந்தாட்டத்தில் பந்தோடு இறங்கியதும் தரித்து நிற்கத் தெரியாவிட்டால் கூடுதலாக எட்டு வைத்த பிழை வந்துவிடும். அந்தத் தரிப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இனிக் கூம்பு. சட்டவேலி கற்றுத்தராத ஒன்றைக் கூம்பு கற்றுத்தருகிறது: வேகமாக ஓடிவந்து நிறுத்துவதும் திரும்புவதும். உலகெங்கும் பயன்படும் இலினோய் சோதனையின் அமைப்பு 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், நடுவில் 3.3 மீற்றர் இடைவெளியில் நான்கு கூம்புகள். எட்டே கூம்புகளில் காரியம் முடிந்தது. ஓடிவந்து, இடுப்பைத் தாழ்த்தி, வெளிக்காலை ஊன்றி, வேகத்தைக் கொன்று, மறுதிசையில் புறப்படுவது நேர்கோட்டுச் சட்டவேலியில் வரவே வராது. உதைபந்தாட்டத்தில் யாரும் மோதாமலே நேரும் முழங்கால் காயங்கள் பல இப்படி நிற்கும் கணத்திலும் திரும்பும் கணத்திலும் வருவதால் இதைத் தள்ளிவிட முடியாது. குறை என்னவென்றால், கூம்பைச் சும்மா சுற்றிவரலாம். வட்டமாக, சோம்பலாக, வளைவில் காலே ஊன்றாமல். கூம்பும் ஏணியைப் போலவே பேசாது. பக்கத்தில் நின்று கண்டிக்க ஒருவர் வேண்டும்.

கயிறடித்தலைப் பற்றி ஒரே வரி: துள்ளும் பயிற்சிக்கு முன் கணுக்காலைப் பழக்க அதைவிட மலிவான வழி இல்லை, ஆனால் முழங்கால் உயராது.

மூன்றையும் ஒப்பிட்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: இவை சுறுசுறுப்பைத் தருமா? 2006 இல் ஷெப்பர்ட், யங் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்து, இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கத்தின்படி சுறுசுறுப்பு என்பது வெளியிலிருந்து வரும் ஒரு தூண்டலுக்குப் பதிலாக முழு உடலும் விரைந்து வேகத்தையோ திசையையோ மாற்றுவது. சட்டவேலி எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். கூம்பும் நகராது. எதிராளி மட்டும்தான் நகர்வார், ஏமாற்றுவார். ஆகவே இவை எல்லாம் சுறுசுறுப்புக்கு வேண்டிய உடலைத் தயார்ப்படுத்துகின்றன, சுறுசுறுப்பைத் தருவதில்லை.

அதைத் தருவது கிளித்தட்டு. சிரிக்க வேண்டாம். கோட்டிலிருந்து விலக முடியாத மறிப்பவர், அவருக்கு முன்னால் இடமா வலமா என்று உடம்பாலேயே பொய் சொல்லும் ஓடுபவர், பின்னாலிருந்து எந்தக் கணத்திலும் வந்து தொடக்கூடிய கிளி. பார்ப்பது, முடிவெடுப்பது, நிற்பது, பாய்வது என எல்லாம் ஒரு செக்கனுக்குள். கொழும்பில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதன் விதிகள் தெரியாது; வீட்டில் இருக்கும் அப்பப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். சட்டவேலிப் பயிற்சி முடிந்ததும் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஏணிக்குச் செலவழிக்கும் நேரத்தை இதற்குத் தாருங்கள் என்பதே என் கட்சி.

எங்கே பயிற்சி செய்வது என்பதும் தெரிவை மாற்றும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளின் வாகனத் தரிப்பிடம்தான் உங்கள் மைதானம் என்றால் ஏணி ஒரு படி மேலே ஏறுகிறது. கொங்கிறீட்டில் இரு கால் துள்ளலை நான் அனுமதிக்க மாட்டேன். காலிமுகத்திடலின் புல் நல்லது, ஆனால் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஏணி சுருண்டு காலில் மாட்டும், கடையில் வாங்கிய இலேசான சட்டவேலிகள் தாமாகவே படுத்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் ஏணியின் தட்டையான பிளாஸ்டிக் படியை மிதித்தால் வழுக்கும். வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் பாதம் புதைவதால் தரையில் தங்கும் நேரம் நீள்கிறது. கெண்டைக்கால் உரம்பெறும், துரிதம் வராது. தவிர, அங்கே போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். அந்தத் தடைதாண்டலைப் பிள்ளைகளுக்குப் பழக்காமல் இருப்பதே நல்லது.

அளவு பற்றியும் ஒரு சொல். துள்ளல் பயிற்சிக்குப் புதிய வளர்ந்தவர்களுக்கே ஒரு நாளைக்கு 80 முதல் 100 தடவை பாதம் இறங்கினால் போதும் என்பது பொதுவான வரையறை. சிறுவர்களுக்கு அதில் பாதிக்கு மேல் நான் போவதில்லை: ஆறு சட்டங்கள், எட்டுச் சுற்று, சுற்றுக்குச் சுற்று மூச்சு வாங்க நேரம். வாரத்தில் இரண்டு நாள், நடுவே குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. தை மாத இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மார்கழிக் கடைசியில் விழித்துக்கொண்டு தினமும் துள்ள வைத்தால் முன்கால் எலும்பு வலிதான் மிஞ்சும்.

வாங்குவதா, செய்வதா என்றால் செய்வதற்கே என் வாக்கு. பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில் அரை அங்குல பிவிசி குழாயும் மூலை இணைப்புகளும் கிடைக்கும். ஒரு சட்டவேலிக்குக் குறுக்குச் சட்டம் 45 சென்ரிமீற்றர், நிற்கும் கால்கள் இரண்டும் 20, நிலத்தில் படியும் பாதங்கள் இரண்டும் 25, மூலை இணைப்பு நான்கு. ஆறு செய்ய எட்டு மீற்றருக்குச் சற்று மேலே குழாய் வேண்டும். பாதங்கள் இரண்டும் ஓடிவருபவரின் பக்கமாக நீண்டிருக்க வேண்டும். போட்டிச் சட்டவேலியும் அப்படித்தான் வைக்கப்படுகிறது. கால் பட்டதும் ஓடும் திசையிலேயே சரியும். பிள்ளைகள் மறுபக்கத்திலிருந்து ஓடிவர மட்டும் விடாதீர்கள். அப்போது அது சரியாமல் எதிர்த்து நிற்கும், முழங்காலோடு விழுவார்கள். பாதக் குழாய்களுக்குள் மணல் நிரப்பி இரு வாயையும் அடைத்துவிட்டால் காலிமுகத்திடல் காற்றுக்கும் அசையாது. மேல் இணைப்புகளுக்குப் பசை போட வேண்டாம். உயரத்தை மாற்ற வேறு கால்களைச் செருகலாம், கழற்றினால் ஆறும் ஒரு கிரிக்கெட் பைக்குள் அடங்கி, 100 ஆம் இலக்க பஸ்ஸில் உங்கள் மடியிலேயே வந்துவிடும்.